முத்திரை இல்லாதவை

வால்பரைசோ துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் எனக்கு வேலை.
குனிந்தே இருப்பேன்.
கடலைப் பெரும்பாலும்
கால்களுக்கு இடையில்தான் பார்த்திருக்கிறேன்.

டிசம்பரில் செர்ரி.
குளிரூட்டிய இருட்டுக்குள்
ஒரு பழம்கூட மூச்சு விடாமல் கப்பலேறும்.
பிப்ரவரியில் திராட்சை.
யாரோ ஒருவர் வீட்டு மேசைக்குத்
தூக்கி வைப்பவன் நான்;
என் மடியில் பிஸ்கட் பொட்டலம்.

எங்கள் நாட்டில் பொட்டலங்களுக்கு ஒரு சட்டம்:
மிகையாய் இருப்பதை
நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.
கறுப்பு எண்கோணம்.
மிகைச் சர்க்கரை. மிகை உப்பு. மிகைக் கொழுப்பு.
என் பிஸ்கட்டுக்கு மூன்றும் உண்டு,
பதக்கம் குத்திய தளபதிபோல்
அலமாரியில் நிமிர்ந்து நிற்கும்.
வருடக்கணக்காய்ப் பார்த்தேன்.
பார்த்தேன், படிக்கவில்லை.

மே மாதம் ரத்தம் எடுத்தார்கள்.
டாக்டர் இரிபாரென் தாளை என் பக்கம் திருப்பி
ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.
அவசர வட்டம், கோணல் கோணலாய்.
எனக்கு அதில் எட்டு மூலை தெரிந்தது.

புதன்கிழமைச் சந்தைக்கு
மூன்று மணிக்குத்தான் போக முடிந்தது.
விலை இறங்கும் நேரம்,
நல்லதெல்லாம் போய்விட்ட நேரம்.
நல்லது என்றால் என்ன?
ஒரே அளவு, ஒரே நிறம்,
கப்பலேறத் தோது.
மீந்து கிடந்தவை:
இரண்டு கால் முளைத்த கேரட்,
தோள் வெடித்த தக்காளி,
மண்ணை விட மனமில்லாத பீட்ரூட்,
பழைய பெல்ட்டைச் சுருட்டியதுபோல்
ஒரு கட்டு கடற்பாசி.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பழக்க தோஷம்.
எதன் நெற்றியிலும் எதுவும் இல்லை.

பூசணிக்காரி ரம்பம் வைத்திருந்தாள்.
"எவ்வளவு?"
"ஒரு ஆளுக்கு."
"ஒரு ஆளுக்கு அறுத்தா
ரம்பத்துல ஒட்டுறதுதான் மிஞ்சும்" என்று
இரண்டு கிலோவைத் தள்ளினாள்.

மலையேறும் பஸ்ஸில்
பூசணியை மடியில் வைத்தபோதுதான் உறைத்தது:
பொட்டலம் ஒன்றுதான்
தனியாளை நினைத்துச் செய்தது.
முழுதாய் விளைந்த எதுவும்
இன்னொரு தட்டு இருக்கிறதா என்று கேட்கிறது.

காய்ந்த அவரை விதையை
ஊற வைக்க வேண்டும் என்று தெரியாது.
ஒன்பதுக்கு ஏற்றினேன்.
ஒன்றரைக்கும் கல்.
பானையை நான் திட்டிய சத்தம் கேட்டு
மேல்மாடி வில்னேர் இறங்கி வந்தார்,
ஹைத்தியிலிருந்து வந்து இரண்டு வருடம்;
படிக்கட்டில் தலையசைப்பதோடு சரி.
மூடியைத் திறந்தார். ஒன்றைக் கடித்தார்.
பல்லைத் தடவிக்கொண்டே
"நாளைக்கு" என்றார், சாவு செய்தி சொல்வதுபோல்.
போகிற போக்கில் ஒரு கிராம்பைப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அது வெந்தது.
பூசணி கரைந்து, நிறம் ஏறி,
கிராம்பு எங்கேயோ இருந்தது.
இரண்டு பேர் தின்றும் தீரவில்லை.
மூன்றாம் நாள் டப்பாவில் மேலே கொண்டுபோனேன்.
வயர்லெஸ்ஸில் யெர்கோ:
"பிஸ்கட் இருக்கா?"
"பூசணிதான்."
கொரகொரப்பு, கொரகொரப்பு,
பிறகு, "கயித்துல இறக்கு."

பெரிதாய் ஒன்றும் மாறவில்லை.
ஆகஸ்டில் எண் கொஞ்சம் இறங்கியது.
காலை ரொட்டியை விட முடியவில்லை,
பாதியாக்கினேன்;
மற்ற பாதி மேசையில் இருந்து பார்க்கும்.
சில இரவுகளில் நாக்கு
அந்தத் தளபதியைக் கேட்கும்.
சில இரவுகளில் கொடுத்தும் இருக்கிறேன்.

மறுபடி டிசம்பர்.
மழையில் தோல் வெடித்த செர்ரி,
ஒட்டிப் பிறந்த இரட்டைச் செர்ரி,
கப்பல் வேண்டாமென்றதெல்லாம்
சந்தைக்கு வந்திருந்தன, பாதி விலைக்கு.
ஒருவேளைக்குப் பன்னிரண்டு என்பது டாக்டர் கணக்கு.
கூண்டுக் கதவைத் திறந்து வைத்து
எண்ணி எண்ணித் தின்றேன்.
கீழே குளிர்ப்பெட்டிகள் வரிசையில் காத்திருந்தன.
ஒரு கொட்டையைத் துப்பினேன்.
நாற்பது மீட்டர்;
விழுந்த சத்தம் கேட்கவில்லை.

பதின்மூன்றாவது இரட்டைப் பழம்.
அதை ஒன்றென்று எண்ணிக்கொண்டேன்.